எந்தச் சேலம்?

பாலையூற்று எமெரன்சியா அக்காவின் பார்சல்
இரண்டாம் தரமும் திரும்பி வந்திருக்கிறது.
முதல் தரம் தமிழ்நாட்டு முத்திரையோடு.
இந்தத் தரம் மசச்சூசெற்ஸ்.
ஊதா மையில் ஒரு கோடு: இப்படி ஆள் இல்லை.
மாசிச் சம்பல் வாசம் மட்டும்
அட்டைப்பெட்டியை மீறிக் கவுண்டர் முழுக்க.

"எந்தச் சேலம், அக்கா?"
"அமெரிக்காவில ஒண்டுதானே இருக்கும்."

கணினியை அவ பக்கம் திருப்பினேன்.
திரை நிறையச் சேலம்.
நியூ ஜேர்சியில், வேர்ஜீனியாவில்,
இந்தியானாவில் நாய்க்குட்டி அளவில் ஒன்று,
ஒறிகனில் ஒரு தலைநகரமே.

"அது சாலேம், தம்பி. வேதத்தில கிடக்கு.
சமாதானம் எண்டு அர்த்தம்."

சமாதானம்.
கப்பலில் வந்து குளிரில் இறங்கியவர்கள்
அந்தச் சொல்லை ஊன்றினார்கள்,
நாம்கீக் என்று
ஏற்கெனவே பேர் இருந்த மண்ணில்.
அறுபத்துச் சொச்சம் வருடத்தில்
அதே சமாதானத்துக்குள்
சூனியக்காரிகள் என்று பெண்களைத் தூக்கிலிட்டார்கள்.
பிறகு வந்தவர்கள் வண்டி பூட்டி
மேற்கே, இன்னும் மேற்கே.
சட்டி, கோடரி, விதைத் தானியம்.
பாரமில்லாத சாமான் இந்தப் பேர் ஒன்றுதான்.
தண்ணீர் கண்ட இடத்தில் இறக்கி வைத்தார்கள்.

தமிழ்நாட்டுச் சேலம் வேறு கதை.
சைலம், மலை, அதிலிருந்து உருண்டது என்பார்கள்.
இரண்டு சொல் வழியில் முட்டிக்கொண்டதில்
சம்பல் ஊர் சுற்றுகிறது.

சிரிக்க எனக்கு உரிமையில்லை.
ஓர் என்ற வெள்ளைக்காரனின் குன்றை
உவர்மலை ஆக்கியவர்கள் என்று
எங்களைத்தான் சொல்கிறார்கள்.
அங்கேதான் குடியிருக்கிறேன்;
கிணற்றில் நல்ல தண்ணீர்.

அதற்கு முன்
கிளிவெட்டி முகாமுக்குக் கடிதம் கொண்டுபோனவன் நான்.
தறப்பாள் வரிசை ஒன்றின் முகப்பில்
பலகையில் கரியால் எழுதியிருந்தது:
சம்பூர் வீதி.
ஊர் முள்வேலிக்குள், பேர் மட்டும் வெளியே.
தபால் கந்தோர்ப் பட்டியலில் அப்படி ஒரு வீதி இல்லை.
சைக்கிளைச் சாத்திவிட்டு
வீடு வீடாகக் கொடுத்தேன்.

அக்கா போனில் மகனை எழுப்பிவிட்டா.
அங்கே நடுச்சாமம்.
ஐந்து இலக்கம் சொன்னான்: 97301.
ஒறிகன்.
சேலம் என்பதற்குக் கீழே பெரிதாக எழுதினேன்.

"அங்க சமாதானமோ எண்டும் கேட்டன்,"
காசை எண்ணியபடி அக்கா சொன்னா.

"மழையாம்."