மிஸ்ஸிங்

மழையில் வராது. மழை விட்ட காலையில் வரும்.
தெனாவுன் ஏற்றம், மூன்றாம் கியர்,
ஒரு விக்கல். கொஞ்சம் விட்டு இன்னொன்று.
அப்புறம் யாரோ பின்னாலிருந்து
கேரியரைப் பிடித்து இழுக்கிற மாதிரி
வண்டி தளரும்.
ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க
இன்னும் இளைக்கும்.

எண்பத்தொன்றாம் வருஷத்து ஹோண்டா.
சால்மன் பண்ணையில் முக்குளிக்கிற ஒருவனிடம் வாங்கியது.
விற்கும்போது அவன் ஒன்றும் சொல்லவில்லை.
தண்ணீருக்கடியில் வேலை, பேச்சு குறைவு
என்று நினைத்துக்கொண்டேன்.

நொல்பெர்த்தோவின் பட்டறை வாசலில் நிறுத்தினால்
கடிகாரம்போல ஓடும்.
பல் டாக்டர் படியேறியதும் வலி போகுமே,
அந்தக் கள்ளத்தனம்.

"கார்புரேட்டர்" என்றான். எதற்கும் அதைத்தான் சொல்வான்,
அவன் மனைவியின் தலைச்சுற்றலுக்கும்.
கழற்றினான். ஜெட்டைச் சன்னலுக்கு நேரே பிடித்து
ஒற்றைக் கண்ணை மூடினான்.
"வானம் தெரியுது."
இந்தத் தீவில் அது சாம்பல் நிறம்தான்,
ஆனாலும் வானம்.

டேங்க் மூடியைத் திறந்தபடி ஒரு நாள் ஓட்டினேன்,
மூச்சு முட்டுகிறதோ என்று.
தொடையெல்லாம் பெட்ரோல். விக்கல் அப்படியே.
பிளக்கின் நுனி சுட்ட ரொட்டி நிறம், குறையில்லை;
இருந்தும் மாற்றினான். ஏழாயிரம் பேசோ.

என் வேலை மின்சார மீட்டர் எடுப்பது.
குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில்
வண்டிக்கும் ஒரு கணக்கு வைத்தேன்:
நான்காம் தேதி, பனிமூட்டம், பதினொரு தடவை.
ஐந்து, வெயில், இல்லை.
ஆறு, வெயில், இல்லை.
ஏழு, விடியும்வரை தூறல், எண்ணவில்லை, தள்ளினேன்.
தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்த இடம்
தோன்யா எர்மிந்தா வீடு.
"ஒரு பல்பு, ஒரு ரேடியோ. இவ்வளவு கரண்டை
யார் தின்கிறது, உன் கம்பெனியா?"
கையைத் துடைத்துக்கொண்டு
எப்போதும் சொல்வதைச் சொன்னேன்:
எங்கேயாவது ஒழுகும், சரிபாருங்கள்.
அவள் என் வண்டியைப் பார்த்தாள்.
"நீ பார்த்துவிட்டாயா?"

அன்றிரவு காற்றில் எங்கோ மரம் விழுந்து
ஊரே இருண்டது.
மெழுகுவர்த்தி தேட ஹெட்லைட் போதும் என்று
கொட்டகையில் வண்டியை உதைத்தேன்.
வெளிச்சம் முன்னால் விறகுக் குவியலில் விழ,
டேங்குக்கு அடியில், இருட்டில்,
ஒரு நீலம்.
எறும்பின் மீசையளவு. இருந்தது, இல்லை, இருந்தது.
பிளக்குக்குப் போகிற வயர் சட்டத்தில் உரசி உரசித்
தோல் வெடித்திருக்கிறது.
போக வேண்டிய நெருப்பு பாதி வழியிலேயே
இரும்புக்குள் இறங்கிவிடுகிறது.

தக்காளிச் செடிக்கு அடிக்கிற தெளிப்பானை எடுத்து
ஒரு தூவல்.
நீலம் ஐந்தாறாய்க் கிளைத்தது, சடசடத்தது,
என்ஜின் அதே விக்கல் விக்கியது,
ஏற்றமே இல்லாமல், என் கொட்டகையில், எனக்கு முன்னால்.
"அகப்பட்டாயா" என்று விரலை நீட்டினேன்.
தோள்வரை உதறியது.
பத்தொன்பது வருஷம் மின்சாரத்தை
எண்ணாக மட்டும் எழுதியவளுக்கு
சரியான கூலி.

இத்தனை நாள் டார்ச் அடித்தல்லவா தேடினோம்,
நானும் நொல்பெர்த்தோவும்.

காலையில் அவன் ஒரு பழைய படகு என்ஜினிலிருந்து
ஒரு முழம் வயர் வெட்டிக் கொடுத்தான்.
"எதற்கும் கார்புரேட்டரை இன்னொரு தரம்..."
கிளம்பிவிட்டேன்.
மழை விட்டிருந்தது. மூன்றாம் கியர்.
ஒன்றுமில்லை, வெறும் ஏற்றம்.

எர்மிந்தாவிடம் பல்பையும் ரேடியோவையும்
அணைக்கச் சொன்னேன்.
மீட்டரின் தட்டு நிற்கவில்லை.
சோம்பலாய், சிவப்புக் கோட்டைக் காட்டிக் காட்டிச்
சுற்றிக்கொண்டிருந்தது.
மணி மூன்று. ஆகஸ்டில் ஆறரைக்கு இருட்டும்.
"அதுவரை இங்கேயே உட்காரட்டுமா?"
அவள் பதில் சொல்லாமல்
கெட்டிலை அடுப்பில் ஏற்றினாள்.