ஐந்தாவது ஆள்

மல்லேஷ் என் அடையாள அட்டையைப் பார்க்கவில்லை,
பட்டியலைப் பார்த்தார்.
"இவத்து நீவு விசிட்டர், மேடம்."
சொல்லிவிட்டு அவரே கூச்சப்பட்டார்.
நீளப் பெயர்களை அந்த இயந்திரம் வெட்டிவிடும்.
கழுத்தில் தொங்கியது: பூங்கோ.
'தை' கேட்டுக்கு வெளியே
சர்ஜாபூர் சாலைப் புழுதியில் நின்றது.

மூன்று வருடமாக
ஆறு மாதம் ஆறு மாதமாக நீளும் ஒப்பந்தத்தில்
இங்கேதான் உளவியல் நடத்துகிறேன்.
அந்த இடத்துக்கு இன்று நிரந்தரமாக ஆள் எடுக்கிறார்கள்.
ஐந்து பேர். நான் கடைசி, நாலரைக்கு.
மற்ற நால்வருக்கும் அறை காட்டி
காபி சொல்ல வேண்டியது நான் என்று
போன வாரம் மின்னஞ்சல் வந்தது.
கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை.
எப்போதும் நான்தான் செய்வேன், அதனால்.

முதலில் வந்தவர் சுதேஷ்ணா.
டில்லியிலிருந்து விடியற்கால விமானம், புதுச் செருப்பு,
குதிகாலில் ரத்தம்.
பிளாஸ்திரி கொடுத்தேன்.
கைக்குழந்தைகள் எதை எவ்வளவு நேரம் பார்க்கின்றன
என்று ஐந்து வருடம் எண்ணியிருக்கிறார்.
"மாணவர்கள் எப்படி?" என்றார்.
நல்ல பிள்ளைகள் என்றேன்,
கொஞ்சம் பொறாமையோடு.

அந்த அறையின் புரொஜெக்டருக்கு
இரண்டாவது துளையில் மாட்டினால்தான் படம் வரும்.
சொல்லாமல் விட்டால் என்ன என்று
ஒரு நொடி தோன்றியது.
பொய். இரண்டு மாடிப்படி முழுக்கத் தோன்றியது.
கதவருகே சொல்லிவிட்டேன்.
அடுத்து வந்த மூவருக்கும் சொன்னேன்,
அப்போது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

நாலரைக்கு
நானே முதல் துளையில் மாட்டினேன்.
திரை நீலமாகவே நின்றது.
யாரும் எழுந்து வரவில்லை;
யாருக்குத் தெரியும்?
மார்க்கர் காய்ந்திருந்தது.
என் பையில் எப்போதும் ஒன்று கிடக்கும்.
மறதியின் கோட்டைப் பலகையில் வரைந்தேன்,
முதல் நாளில் செங்குத்தாக விழுந்து
பிறகு விழவும் மனமில்லாமல் நீளும் கோடு.

தேர்வுக் குழு மாணவர்களாக நடித்தது.
டீன் கையைத் தூக்கி
பத்தொன்பது வயதுக் குரலில் சந்தேகம் கேட்டார்.
நிஜப் பத்தொன்பது
கையைத் தூக்காது சார்.
கடைசி பெஞ்சில் தலைகுனிந்து கிடக்கும்;
வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின்
"மேடம், ஒரு ஃப்ரெண்டுக்குத் தூக்கமே வரலையாம்"
என்று ஆரம்பிக்கும்.
இதைச் சொல்லியிருக்கலாம்.
நல்ல கேள்வி என்றேன்.

வெளியாள் நிபுணர் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்:
"இந்தக் கல்லூரிக்கு ஏன் வர விரும்புகிறீர்கள்?"
துறைத் தலைவர் மேசையைப் பார்த்தார்.
மூன்றாம் மாடி குடிநீர்க் குழாயை
எந்தப் பக்கம் திருப்பினால் தண்ணீர் வரும் என்பதுவரை தெரியும்;
வர விரும்புவதற்கு மட்டும்
எந்தக் காரணமும் வாயில் வரவில்லை.
பலதுறைக் கல்வி, திறந்த சூழல் என்று
விளம்பரத்தில் இருந்ததையே
அவர்களுக்குத் திருப்பிச் சொன்னேன்.
எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

சொல்லி அனுப்புவார்களாம்.

ஆறு மணிக்கு மல்லேஷ்
விசிட்டர் அட்டையை வாங்கி டப்பாவில் போட்டார்.
"நாளெ பன்னி, மேடம்."
பன்னி என்றால் வாருங்கள்.
இந்த ஊருக்கு வந்த முதல் வாரம்
பஸ்ஸில் கேட்டு வாயைப் பொத்திச் சிரித்திருக்கிறேன்.
இங்கே ஒரு காலத்தில்
இரவில் பேய் வந்து தட்டுமென்று
கதவில் எழுதிவைப்பார்களாம், நாளை வா என்று.
அதுவும் படித்துவிட்டுப் போகுமாம்,
மறுநாள் வருமாம்,
மறுபடி படிக்குமாம்.

மல்லேஷுக்கு அந்த நினைப்பெல்லாம் கிடையாது.
நாளை எட்டரைக்கு முதலாமாண்டு.
போன வகுப்பில்
மறதியைப் பாதியில் விட்டிருக்கிறேன்.