பதினோரு மாத மண்

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டியதும்
முதலில் மாறுவது பஸ் பலகையின் எழுத்து.
அப்புறம் டீ.
மண் மாறவில்லை.
உடுமலையில் விட்டுவந்த அதே கரிசல்,
மழை விட்ட அன்று கொல்லைக்குப் போய்த் திரும்பினால்
செருப்புக்கு அரைக்கிலோ கூடிவிடும்.

வீட்டின் பின்னால் மூன்று சென்ட்.
சாவி கொடுக்கும்போது மன்னாடியார் சொன்னார்:
"எது வேணாலும் வெச்சுக்குங்க,
மரம் மட்டும் வேண்டாம்."
ஒப்பந்தம் பதினோரு மாதம்.

விரல் விட்டு எண்ணினேன்.
தண்டுக்கீரை இருபத்தைந்து நாள்.
வெண்டை நாற்பத்தைந்து.
கத்தரி, நாற்று நட்டதிலிருந்து இரண்டு மாதம்.
பப்பாளி பழுப்பதற்குள்
பாத்திரம் கட்ட வேண்டியிருக்கும்.
கறிவேப்பிலையை எண்ணவே இல்லை.

தோண்டிய முதல் நாள் விளைச்சல்:
செங்கல் துண்டுகள் ஒரு சட்டி,
டைல்ஸ் விளிம்பு, வளைந்த கரண்டி,
முன்பு குடியிருந்த யாருடைய குழந்தையோ
இடது காலில் போட்டிருந்த ரப்பர் செருப்பு.
மஞ்சள் பூ ஒன்று இன்னும் அதில் ஒட்டியிருந்தது.
எறிய மனசு வராமல் மதில்மேல் வைத்தேன்.
ஓணான் குடிவந்துவிட்டது.

அடுத்த வீட்டுத் தேவயானியிடம் மம்பட்டி கேட்டேன்.
உள்ளே போய் வெகுநேரம் தேடினாள்.
"அது இல்ல, கைக்கோட்டுதான் இருக்கு"
என்று மம்பட்டியோடு வந்தாள்.
இருவரும் கொஞ்ச நேரம்
அந்த இரும்பையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

நாற்றைத் தொட்டு "வழுதனங்ங" என்றாள்.
கத்தரி என்றேன்.
பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில்
அடிக்குறிப்பாகக் கிடந்த ஒரு சொல்
மதிலுக்கு அந்தப் பக்கம்
தினமும் குழம்பில் வெந்துகொண்டிருக்கிறது.

கார்த்திகையில் கணவாய்க் காற்று திறந்தது.
இரவெல்லாம் கதவு தட்டிவிட்டு
விடியும்போது பதினாலு நாற்றின் கழுத்தை
ஒரே பக்கமாகச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது.
அது போனதும் மயில்.
காலண்டரில் தோகை விரிக்கிற அதுவேதான்,
என் கீரைப் பாத்தியில்
களையெடுக்க வந்தவள் மாதிரி
குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தது.
இருபது நிமிடம். ஒரு முளை மிச்சமில்லை.
கல் எடுத்தேன்.
"வேண்டா, கேஸாகும்" என்றாள் தேவயானி.

மறுபடி விதைத்தேன்.
மேலே கொசுவலை கட்டினேன்,
கல்யாணச் சீரில் வந்து
ஒருநாளும் பிரிக்காத ரோஸ் கலர் வலை.

ஐம்பத்தோராம் நாள் ஏழு வெண்டைக்காய்.
முத்தலிப்புக்குச் சோறு கொண்டுபோகும்போது
அதையும் எடுத்துப் போனேன்.
லாரி வராத மத்தியானம்.
அறுபது டன் தாங்கும் எடைமேடையின் நடுவில்
ஏழையும் வரிசையாக அடுக்கி
உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தார்.
பூஜ்யம்.
நான் ஏறிக் காய்களுக்குப் பக்கத்தில் நின்றேன்.
"அறுபது கிலோ!" என்று ஜன்னலில் கத்தினார்.
காயோடு சேர்த்தா?
"காயோடு சேர்த்து."
சீட்டும் அடித்துக் கொடுத்தார்.
வண்டி எண் இருக்கவேண்டிய இடத்தில் பல்கீஸ்.
சரக்கு: வெண்டை.
அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன்.

நேற்று மதில்மேல், செருப்புக்குப் பக்கத்தில்,
பால் கவரில் ஒரு கறிவேப்பிலைக் கன்று இருந்தது.
தேவயானி ஒன்றும் சொல்லவில்லை.
ஒப்பந்தத்தில் ஐந்து மாதம் பாக்கி.
இது கை நிறையக் கிள்ளும்படி வளர
மூன்று வருஷம் ஆகும்.
மரம் மட்டும் வேண்டாம் என்றார்,
இப்போதைக்கு இரண்டு சாண்,
யார் கேட்டாலும் செடி என்றே சொல்லலாம்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நட்டேன்.
வேர் பிடிக்கப் புளித்த மோர் ஊற்றவேண்டுமாம்.
வீட்டில் மோர் இல்லை.
சொம்பை எடுத்துக்கொண்டு மதிலோரம் போகிறேன்.
மோருக்கு அங்கேயும் மோர்தான்.