நூற்றுப் பதினான்கு

செகெத் நகரம். தீசா ஆற்றின் இக்கரை.
மூன்றாவது மாடியில் எலிகளின் அறை.
வெளியே பிப்ரவரிப் பனி சேறாகிக் கிடக்கிறது,
உள்ளே எப்போதும் இருபத்திரண்டு டிகிரி.

இன்று பெண் எலிகளின் முறை.
பதினோரு வருடம் ஆண் எலிகளையே தூக்கிய கைக்கு
இவற்றின் எடை இன்னும் பழகவில்லை.
"நாலு நாளைக்கு ஒரு சுழற்சி, போக்லார்கா,
கணக்கைக் கலக்கிவிடும்" என்பார்
ஓய்வுபெற்றுப் போன பேராசிரியர்.
அவர் கணக்கு கடைசிவரை கலங்கவில்லை.
பாதி உலகம் கூண்டுக்கு வெளியே நின்றது, அவ்வளவுதான்.

ஊசியில் வாசோப்ரெசின். வயிற்றில் தண்ணீர்.
மெல்ல மெல்ல ரத்தம் நீர்த்துப்போகிறது.
மழித்த மண்டையின் மேல்
பாப்ரிகா விதை அளவுக்கு ஒரு சிவப்பு வெளிச்சம்.
அதன் அடியில் ஓடும் ரத்தம்
திரையில் பச்சைக் கோடாக நடக்கிறது.

ஆணின் கோடு தள்ளாடியது, பிறகு நிமிர்ந்தது.
பெண்ணின் கோடு
நிலவறைக்கு ஏதோ எடுக்கப் போனவள் போல இறங்கியது.
காத்திருந்தேன். ஏறி வரவில்லை.
சூலகம் நீக்கியதன் கோடு இரண்டுக்கும் நடுவே.

எட்டு எலிகள்தான்.
எட்டை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது.
இருந்தாலும் எழுந்து போய்
விதியை மீறி ஜன்னலைத் திறந்தேன்.

எனிகோ.
எங்கள் ஹேண்ட்பால் அணியின் கோல்கீப்பர்.
முழங்காலில் சின்ன அறுவை.
இரவெல்லாம் சொட்டியது சர்க்கரைத் தண்ணீர்.
தலை கனக்கிறது என்றாள்.
வாந்தி எடுத்தாள்.
மறுபடியும், தலை கனக்கிறது என்றாள்.
அட்டையில் "பதற்றம்" என்று எழுதி
தூங்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள்.
விடியும்போது கைகால் வெட்டி இழுத்தது.
அப்போதுதான் யாரோ சோடியம் பார்த்தார்கள்:
நூற்றுப் பதினான்கு.

மூளை இருப்பது எலும்பு வீட்டில்.
உள்ளே வெள்ளம் வந்தால் சுவர் விலகிக் கொடுக்காது.
உப்பை வெளியே இறைத்தால் தண்ணீரும் பின்னாலேயே போகும்;
இறைக்கும் பம்பின் மேல்
ஈஸ்ட்ரோஜன் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறது.
பகையில்லை. அதற்கு வேறு வேலைகள் இருந்தன,
இந்த இரவைப் பற்றி யாரும் அதற்குச் சொல்லவில்லை.
போதாதென்று, வீங்குகிற வீட்டுக்கு வரும் தெருவும்
அந்நேரம் பார்த்து ஒடுங்குகிறது.

அந்த வார்டில் இது ஒருவருக்குமா தெரியாது?
தெரிந்தவர் அன்று விடுமுறையில் இருந்திருக்கலாம்.
எனக்குத் தெரியாது.
அந்த வாரம் நான்
ஆண் எலிகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன்.

எனிகோ பிழைத்துவிட்டாள்.
டிராம் டிப்போவில் சீட்டுக் கட்டுகளை எண்ணுகிறாள்.
இடது வலதில் மட்டும் தகராறு;
கையுறைகளில் ஆளுக்கோர் எழுத்து தைத்திருக்கிறாள்.
பந்து எந்தப் பக்கம் வரும் என்று
பந்துக்கு முன்பே அறிந்திருந்தவள்.
சனிக்கிழமைகளில் மீன் சூப் குடிக்கப் போவோம்.
ருசி பார்க்கும் முன்பே உப்பைக் கொட்டுவாள்.
போதும் என்பேன்.
"பழைய பாக்கி" என்பாள், இன்னும் கொஞ்சம் கொட்டுவாள்.

நாளை சனிக்கிழமை.
அந்தக் கோட்டை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?
ஹார்மோன் என்றால் சிரிப்பாள்,
எல்லாவற்றுக்கும் அதைத்தானே சொன்னார்கள் என்பாள்.
நியாயம்தான்.
தலை கனக்கிறது என்று நீ சொன்னபோது
தலை கனத்துத்தான் இருந்தது, எனிகோ.
இதை முதலில் சொல்லிவிட்டு
மற்றதைச் சூப் ஆறிய பிறகு சொல்லலாம்.

ஏழாம் எண் கூண்டில் மயக்கம் தெளிகிறது.
மூக்கு நடுங்க, தண்ணீர்க் குப்பியைத் தேடி நகர்கிறது.
குப்பியைக் கழற்றி
எட்டாத தட்டில் வைக்கிறேன்.