பெட்டி விலை

விடியுமுன் நூற்றிப்பத்துத் தண்டு வெட்டினேன்.
சாய்வாய் வெட்டவேண்டும், நாற்பத்தைந்து பாகை.
பயிற்சிக்கு வந்த பெடியன் மண்ணில் கீறிக் காட்டினவன்.
அவன் இப்ப கனடா.

விசுவமடுவில் ஊதா ஓர்கிட்.
மேலே எண்பது வீத நிழல்வலை,
குரங்கு கிழித்த இடத்தில் என் பழைய சேலைத்துண்டு.
அதன் கீழே நிற்கிற ஏழு செடி மட்டும்
கொஞ்சம் பிந்தி, கொஞ்சம் வெளிறிப் பூக்கும்.

வாளியை மடியில் வைத்தால்
கிளிநொச்சி பஸ்ஸில் அதற்கும் ஒரு டிக்கெட்.
"பூவும் ஆள்தானே அக்கா" என்பார் கொண்டக்டர்.

கரடிப்போக்கில் கேதீசனின் கடை.
மணவறை, வாசல் வளைவு, மலர்வளையம்
செய்து தரப்படும்.
அவன் என் வாளியைப் பார்க்கவில்லை.
ஒரு பெட்டியைத் திறந்தான். தாய்லாந்து.
ஒவ்வொரு காம்பின் நுனியிலும் ஒரு குட்டிப் போத்தல்,
அதற்குள் ஒரு மிடறு தண்ணி.
சேலைன் ஏற்றிப் படுக்கவைத்த வாட்டு மாதிரி
வரிசையாய்க் கிடந்தன.

"தண்டு எழுபது. கடை வாசலில இறக்கித் தாறான்.
நீங்கள் நூற்றிருபது எண்டுறீங்கள்."

நூற்றிருபதைக் கனவிலா கண்டேன்?
பொச்சு, மருந்து, மோட்டருக்குக் கரண்ட்,
செவ்வாய்க்கிழமைகளில்
ஹெல்மெட்டைக் கழற்றாமல் படலையில் நிற்கிற
கடன்காரப் பெடியன்.
அந்த நாட்டுப் பூவுக்குச்
செவ்வாய்க்கிழமை வராதோ?

வாளியோடு திரும்பினேன்.
அன்றைக்கு டிக்கெட் கிழிக்கவில்லை அவர்.

மாசியில் கேதீசனே எடுத்தான்.
கட்டுநாயக்காவில் பெட்டி இரண்டு நாள் வெயிலுக்குள் கிடந்ததாம்.
திறந்தால் அவிந்த கீரை.
விடிந்தால் கலியாணம்.
பெண் வீட்டார் வெளிநாட்டுப் பூவுக்கென்றே
தனியாய்க் காசு கட்டினவை.
"இருநூறு தண்டு அக்கா. ஒருத்தருக்கும் கதைக்காதேங்கோ."

பூக்காத மொட்டையும் சேர்த்துத்தான் இருநூறு வந்தது.
அழுகலைக் கொட்டி, போத்தல்களைக் கழுவி,
ஒவ்வொன்றாய் நானே செருகினேன்.
என் பிள்ளைகளுக்கு
வேறு யாரோவின் பிறப்புச் சான்றிதழ்.
கேதீசன் ரோட்டைப் பார்த்தபடி நின்றான்.

மண்டபத்தில் எனக்குத் தண்ணி தெளிக்கிற வேலை.
ரொறன்ரோவிலிருந்து வந்த தாய்மாமன்
ஒரு இதழைத் தடவிப் பார்த்துச் சொன்னார்:
"இதுதான் வெளிநாட்டுச் சாமான்.
ஊர்ப் பூவெண்டால் தாலி கட்ட முன்னம் தலை தொங்கிப்போடும்."
"ஓம்" என்றேன்.
இடப்பக்கத் தூணில்
சேலைக்குக் கீழே பூத்த ஒன்று
வெளிறிப்போய் என்னையே பார்த்தது.
அதற்கு இரண்டு தரம் தெளித்தேன்.

இரவு காசு தந்தான் கேதீசன்.
தண்டுக்கு அறுபத்தைந்து.
"பெட்டியில போன பூவுக்குப் பெட்டி விலைதானே அக்கா?
போத்தலுக்கு அஞ்சு கழிச்சிருக்கிறன்."
கணக்குச் சரி.
அது சரியாய் இருந்ததுதான் தாங்கேலாமல் இருந்தது.

வெறும் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

செவ்வாய்.
ஒரு கிழமை தவணை கேட்டேன்.
ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவன் கண்
மாமரத்தடிக்குப் போனது.
அட்டையில் விமானப் படம், அந்நிய எழுத்து.

"ஏற்றுமதியே தொடங்கியிட்டீங்கள்,
பிறகேன் அக்கா தவணை?"

கிட்டப் போய்க் குனிந்தான்.
உள்ளே அடைகிடந்த கோழி
அவன் விரலில் ஒரு கொத்துக் கொத்தியது.