தூக்கும் எடை

ஐஸ் பிளான்ட்டில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்தால்
செயினில் மறுபடியும் துரு.
நேற்றுதான் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன்.
மூக்கையூரில் இரும்புக்கு
சீக்கிரம் வயதாகிவிடுகிறது.

இம்பல்ஸ். கம்பெனியே கைவிட்ட மாடல்.
சாயல்குடி வட்டிக்கடையில்
முழுகிப்போன அடகாகக் கிடந்தது.
ஆர்.சி. புக்கில் நான்காவது ஓனர்
ம. கித்தேரி, அதாவது நான்.

எங்கே போகிறாய் என்றால் கட்ச் என்கிறேன்.
அங்கே என்ன இருக்கு?
உப்பு.
வாலிநோக்கத்தில் இல்லாத உப்பா என்று
கேட்காத ஆள் இல்லை தெருவில்.
ஒரு பதில் வைத்திருந்தேன்,
டூல் பையில் எங்கேயோ விழுந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கீழக்கரையிலிருந்து
சீனி அசன் வருகிறான்.
ஸ்போக் ஒவ்வொன்றையும் ஸ்பேனரால் தட்டி
காதைச் சாய்க்கிறான்.
டிங். டிங். டிங். டப்.
"இது பொய் சொல்லுது."
கால் திருகு திருகிவிட்டு மறுபடி தட்டுகிறான்.
ஓடுகிற கிளட்ச் கேபிளுக்குப் பக்கத்திலேயே
புதுசு ஒன்றையும் ஓட்டிக் கட்டினான்.
டேங்குக்கு அடியில் இப்போது
ஒருத்திக்கு வேலை, ஒருத்திக்குத் தூக்கம்.

பக்கப்பெட்டி செய்தவன் ரெஜிஸ்,
ஃபைபர் வள்ளங்களுக்கு ஒட்டுப் போடுகிறவன்.
உடைந்த வள்ளத்தின் அணியத்தை அறுத்து
ரெசின் பூசி, மூடி வைத்து, கொக்கி அடித்தான்.
இடப்பெட்டியில் பாதிப் பெயர் தெரிகிறது:
ஆரோக்கிய
மீதி எங்கே என்றேன்.
கடலில் என்றான்.
அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

டியூப் இரண்டு, டயர் லீவர் மூன்று,
கால்பம்பு, செயின் லிங்க், எம்-சீல், பிளக்,
ஐந்து லிட்டர் கேன் நிறைய பெட்ரோல்,
கூடாரம், அடுப்பு, ஒரு படி அரிசி,
நெத்திலிக் கருவாடு,
சகாயம் அண்ணன் கொடுத்த போர்வை.
சாம்பல் நிறம், ஓரத்தில் சிங்கள எழுத்து.
எல்லை தாண்டியதாகப் பிடித்துப் போய்
ஏழு மாதம் கழித்து விட்டபோது
அவன் கொண்டுவந்தது அது ஒன்றுதான்.
படகு வரவில்லை.

டயர்க் காற்றைப் பதினைந்துக்கு இறக்கி
கடற்கரை மணலில் விட்டேன்.
உடைமரம் தாண்டும் வரை போனது.
பிறகு முன்சக்கரம் தன்னிஷ்டத்துக்குத் திரும்பி
நானும் வண்டியும் தனித்தனியாகப் படுத்தோம்.

ஹேண்டிலை முழுக்க ஒடித்து,
சீட்டுக்கு முதுகைக் கொடுத்து,
குதிகாலால் பின்னோக்கி நடக்கவேண்டும்.
தெரியும். எல்லாம் தெரியும்.
மணலுக்குத் தெரியவில்லை.
குதிகாலை அது உள்ளே வாங்கிக்கொண்டது.

அண்ணன் கரைமேட்டில் நின்றிருந்தான்.
கிட்டே வராதே என்று சொல்லியிருந்தேன்.
நான்காவது தடவை நான் வழுக்கியபோது
கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டான்,
தானாக நீண்டுவிடக் கூடாது என்பது போல.

அடுப்பை எடுத்துப் போட்டேன். எழவில்லை.
அரிசி.
கேனில் பாதிப் பெட்ரோல்.
கூடாரம், மாற்று ஷூ, இரண்டாவது ஜீன்ஸ்.
போர்வை.
எழுந்தது.
ஸ்டாண்டுக்குக் கீழே பலகைத்துண்டு கொடுத்து
தள்ளி வந்து மூச்சு வாங்கினேன்.

ஏலத்துக்குக் கொட்டிய மீன் மாதிரி
மணல் முழுக்க என் சாமான்கள்.
"என்ன விலைக்குப் போவும்?" என்றான் அண்ணன்,
போர்வையை உதறி மடித்தபடி.
அதை அவன் கையிலிருந்து வாங்கி
பெட்டியில் திணித்துவிட்டு
வண்டியை நானே மறுபடி சாய்த்தேன்.
முழங்கால் நடுங்கியது, பல்லில் மணல் கடிபட்டது.
தூக்கிவிட்டேன்,
கேவலமான ஒரு சத்தத்தோடு.
அண்ணன் கடல் பக்கம் திரும்பி நின்றான்.

கூடாரம் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.
கருவாடு பெட்டியில் இருக்கிறது.
சீனி அசன் கடைசியாகத் தட்டியதில்
எல்லாக் கம்பியும் உண்மை பேசின.
மூன்றரைக்கு அலாரம்.
படுக்கப் போகுமுன் போய்ச் செயினைத் தொட்டுப் பார்த்தேன்.
விரல்நுனியில்
பழுப்பு.