கீழே கிடக்கிற வண்டி

பழைய வண்டி விற்கிற நிபால்தோ
பெரியதைத்தான் முதலில் காட்டினான்.
அறுநூற்றைம்பது சி.சி.
இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி,
பெட்டி முழுக்க யாரோ போன ஊர்களின் ஸ்டிக்கர்.
"இதில் ஏறினால் அலாஸ்கா வரை போகலாம்."

அலாஸ்காவில் எனக்கு வேலை இல்லை.
வேலை மின் கூட்டுறவுச் சங்கத்தில்,
மீட்டர் கணக்கெடுப்பது.
கொயாய்க்கேயில் புறப்பட்டால்
முப்பத்தோரு கிலோமீட்டர் தார்,
அப்புறம் நாற்பத்து நான்கு சரளை.
கோழிமுட்டைக் கற்கள்,
வரிவரியாய் மேடும் பள்ளமும்.
பல்லைக் கடித்தால் பல் ஆடும்
கடிக்காவிட்டால் நாக்கு போகும்.
காற்று இங்கே வீசுவதில்லை, தள்ளும்.
லெங்கா மரங்களே
கிழக்கே முதுகு வளைத்து நிற்கின்றன.

சங்கத்து ஜீப்பை விற்றுவிட்டார்கள்.
கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று படி.
அதில் மிச்சம் பிடித்தால் என் சாமர்த்தியம்,
பிடிக்காவிட்டால் என் சம்பளம்.

போன மாதத்து மீட்டர் தாளின் பின்பக்கம்
கணக்குப் போட்டேன்.
பெரியது லிட்டருக்கு இருபது.
மூலையில் தூசி மூடி நின்ற இருநூற்றைம்பது
முப்பத்திரண்டு தரும்.
ஒன்பது லிட்டர் தொட்டி.
இரண்டு நாள் ஓட்டத்துக்குப்
பன்னிரண்டு கிலோமீட்டர் குறைகிறது.
அந்தப் பன்னிரண்டை
இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

"தார் ரோட்டில் இதற்கு மூச்சு வாங்கும்.
லாரிக்காரன் பின்னால் வந்து ஹாரன் அடிப்பான்."
அடிக்கட்டும். அவன் கைதான் வலிக்கும்.

இரண்டிலும் உட்கார்ந்து பார்த்தேன்.
பெரியதில்
பெருவிரல் மட்டும் தரையைத் தொட்டது,
குளிர்ந்த ஏரியில் கால் வைத்துப் பார்ப்பதுபோல்.
சின்னதில் பாதிப் பாதம்.
சீட் என்னவோ பலகை.

"கீழே படுக்க வையுங்கள்" என்றேன்.
காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தான்.
"வண்டியைச் சொல்கிறேன். இரண்டையும்."
"விற்கிற வண்டியை யாராவது கீழே போடுவார்களா?"
"நான் போடுவேன்.
ஏப்ரல் சேற்றில் எப்போதாவது,
ஜூலைப் பனியில் வாரம் இரண்டு தடவை.
அப்போது நீங்கள் கூட இருக்கமாட்டீர்கள்.
அடுத்த வீடு பதினோரு கிலோமீட்டர்."

உள்ளே ரசீது எழுதிக்கொண்டிருந்த ஒர்ஃபெலினா
பேனாவை வைத்துவிட்டு வந்தாள்.
தேய்ந்த டயர் ஒன்றை உருட்டி வந்து
வண்டி சாயும் இடத்தில் போட்டாள்.
"போடு, நிபால்தோ."

சீட்டுக்கு முதுகு கொடுத்துக் குந்தி,
ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை கேரியரில்,
காலால் பின்னோக்கி நடக்கவேண்டும்.
பெரியது ஒரு சாண் எழுந்தது.
என் முழங்கால் ஏதோ சொன்னது.
மெதுவாகத் திருப்பிப் படுக்க வைத்தேன்.
அலாஸ்கா டயர்மேல் சாய்ந்துகொண்டது.

சின்னது முதல் தடவை வழுக்கியது.
இரண்டாம் தடவை எழுந்துவிட்டது,
ரோமம் கத்தரித்துவிட்ட ஆடு
உதறிக்கொண்டு நிற்பதைப்போல.
ஒர்ஃபெலினா கை தட்டினாள்.
நிபால்தோ தட்டவில்லை.
கண்ணாடி விரிசலுக்கு இருபதாயிரம் பேசோ குறைத்தான்,
முன் டயருக்குக் குறைக்கவில்லை.
சமையல் எண்ணெய் வந்த இரண்டு லிட்டர் கேனைக் கழுவி
அந்தப் பன்னிரண்டுக்காகப்
பின்னால் கட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமையே விழுந்தேன்.
எட்டாவது மீட்டருக்கு முந்தின வளைவு,
யாரும் இல்லை.
எஞ்சின் அணைந்ததும்
இத்தனை அமைதி அங்கே இருந்தது தெரிந்தது.
சூடு ஆறும் இரும்பு
டிக், டிக் என்றது.
ஒரு கேரகாரா கம்பத்தில் உட்கார்ந்து
என்னைக் கணக்கெடுத்தது.

எழுந்திருக்கவில்லை நான்.
தூக்கிவிட முடியும் என்று தெரியும்,
அதனால் அவசரமில்லை.
படுத்தபடியே கை நீட்டித்
தொட்டி மூடியை மட்டும் தொட்டுப் பார்த்தேன்,
கசிகிறதா என்று.